குறட்டை அழகன்று: கல்லடி வாசகியின் ‘பக்’ நாய்க்கு ஒரு கால்நடை வைத்தியரின் பதில்

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டரை வருடங்களுக்கு முன்னர், கொழும்பில் வேலை செய்யும் மகன் ‘பக்’ இன ஆண் குட்டி ஒன்றை வாங்கி வந்து என்னிடம் விட்டுச் சென்றார். ஜிம்மி என்று பெயர். இப்போது எடை 11 கிலோ. அது இரவில் விடும் குறட்டை அடுத்த அறைக்கும் கேட்கும். இந்த இனமே அப்படித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சென்ற மாதம் கச்சான் காற்று வீசிய ஒரு நாள், பின்னேரம் நாலரை மணிக்குக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றேன். திரும்பும் வழியில் நாக்கு நீலம் பாரித்து விழுந்துவிட்டது. ஈரத் துவாயால் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு மணித்தியாலத்தில் எழுந்துவிட்டதால் வைத்தியரிடம் காட்டவில்லை. ஜிம்மிக்குக் குளிரூட்டி அவசியமா? உடற்பயிற்சி போதாமல்தான் இப்படி வந்ததா? கல்முனையில் உறவினர் வீட்டில் உள்ள பெண் ‘பக்’குடன் இணை சேர்க்கக் கேட்கிறார்கள், சேர்க்கலாமா? ஆவணியில் கொழும்புக்கு வான் வண்டியில் கொண்டுபோகலாமா?

பதில்:

மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், நடந்த சம்பவமாக மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்றிலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாக்கு நீலம் பாரித்து விழுந்த நாய், ஒரு மணித்தியாலத்தில் எழுந்து வாலை ஆட்டினாலும், அதைச் சுகமாகிவிட்ட நாய் என்று கொள்ள முடியாது. நாக்கு நீலமாவது இரத்தத்தில் ஒட்சிசன் போதாமல் போனதன் அடையாளம். கடும் வெப்பத்தால் தாக்கப்பட்ட நாயின் சிறுநீரகமும் ஈரலும் பழுதுபட்டிருப்பதும், இரத்தம் உறையும் தன்மை குலைந்திருப்பதும், ஒன்று முதல் மூன்று நாட்கள் கழிந்த பின்னரே வெளியில் தெரிவதுண்டு. ஜிம்மிக்கு அந்த ஆபத்து கடந்துவிட்டது என்பது பெரிய ஆறுதல். ஆயினும் இந்த வாரத்துக்குள் அதை உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசென்று, இதயத்தையும் நுரையீரலையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குத்துவாரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்காக இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். உண்ணி மூலம் தொற்றும் பபேசியா, எர்லிச்சியா ஆகிய நோய்கள் நம் நாட்டு நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. பபேசியா இரத்தச் சிவப்பணுக்களை அழித்து இரத்தசோகையை உண்டாக்கும்; ஏற்கெனவே மூச்சுக்குப் போராடும் நாய்க்கு இரத்தமும் குறைந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் விழும். எனவே காரணம் வெப்பம் மட்டுமே என்று நாம் வீட்டிலிருந்தபடி முடிவு செய்துவிடக் கூடாது.

இனி மூச்சைப் பற்றி. பக் நாயின் மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கிய மனிதர்கள், அதற்குள் இருக்கும் தசையைக் குறைக்கவில்லை. நீண்ட முகம் கொண்ட நமது ஊர் நாய்க்கு மூக்கிலும் தொண்டையிலும் எவ்வளவு தசை உண்டோ, ஏறத்தாழ அதே அளவு தசை பக் நாயின் சிறிய முகத்துக்குள்ளும், ஒரு பெரிய பாயைச் சிறிய பெட்டிக்குள் மடித்துத் திணித்ததைப் போல, அடைந்து கிடக்கிறது. மூக்குத்துவாரங்கள் கீறல் போல ஒடுங்கியிருக்கும். வாயின் மேற்கூரையின் பின்பகுதியாகிய மென்னண்ணம் தேவைக்கு மேல் நீண்டும் தடித்தும், குரல்வளையின் வாசலில் தொங்கும். நாக்கு வாய்க்குப் பெரிதாக இருக்கும். மூக்கின் உட்புறத்தில் காற்றைக் குளிர்விக்க வேண்டிய மடல்கள், காற்று செல்லும் பாதையையே அடைத்துக்கொண்டிருக்கும். இவ்வளவு தடைகளையும் தாண்டிக் காற்றை உள்ளே இழுப்பதற்கு அந்தச் சிறிய நெஞ்சு ஒவ்வொரு மூச்சிலும் அதிக பலத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. அப்படி இழுக்க இழுக்கத் தொண்டைத் தசை வீங்குகிறது, குரல்வளையின் உள்ளே இருக்கும் சிறு பைகள் வெளியே பிதுங்குகின்றன, சில வருடங்களில் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்ளே மடிந்துவிடவும் கூடும். அதாவது, இது இருந்தபடியே இருக்கும் குறை அன்று. கவனிக்காமல் விட்டால் வயதோடு வளரும் குறை.

இந்த இனமே அப்படித்தான் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த இனத்தில் அது மிகவும் பரவலானது என்பது உண்மை. பரவலாக இருக்கும் ஒன்றை இயல்பானது என்று எண்ணிவிடுவதில்தான் தவறு நேர்கிறது. 2012-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், குட்டை முக நாய்களுக்குரிய மூச்சடைப்பு நோய் இருந்த நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை என்றே கூறியிருந்தார்கள். அன்பில்லாமல் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. குட்டியாக வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடு வாழ்ந்து பழகிவிட்டபடியால் அது நோயின் சத்தமாக அவர்களின் காதில் விழவில்லை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜிம்மி ஆழ்ந்து உறங்கும்போது அருகில் அமர்ந்து, ஒரு நிமிடத்தில் அதன் நெஞ்சு எத்தனை தடவை உயர்ந்து தாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உறங்கும் நாய்க்கு அது 30-ஐத் தாண்டக் கூடாது. அது தாடையைத் தலையணையிலோ படியிலோ உயர்த்தி வைத்துக்கொண்டு மட்டும்தான் உறங்குகிறதா, உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறதா, வாயில் ஒரு பொம்மையைக் கவ்விக்கொண்டு உறங்குகிறதா, குறட்டை திடீரென்று நின்று, பின் திடுக்கிட்டு எழுகிறதா என்றும் பாருங்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும் இந்தக் கோலங்கள் எல்லாம், உறக்கத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பதற்காக அந்த உயிர் தானாகக் கண்டுபிடித்த வழிகள். சாப்பிட்டவுடன் நுரையும் சோறுமாகத் திருப்பி வெளியே தள்ளுவதும் இதே நோயோடு சேர்ந்து வருவதுதான். அதை வயிற்றுக் கோளாறு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

இந்த முகம் எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பக் நாயின் பூர்வீகம் சீனா. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து, ஒல்லாந்தில் (இன்றைய நெதர்லாந்தில்) ஒரேஞ்சு அரச குடும்பத்தின் செல்ல நாயாக அது உயர்ந்தது. 1638-இல் நமது மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தருடைய நாட்டில்தான். ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-இல் தன்னைத் தானே வரைந்த ஓவியத்தில் அவருடைய பக் நாயும் அமர்ந்திருக்கிறது. அதற்குத் தெளிவாக வெளியே நீண்ட மூக்கு உண்டு. முகம் தட்டையானது அதன் பின்னர், கண்காட்சிப் பரிசுகளுக்காகவும், குழந்தை முகம் போன்ற தோற்றத்தின் மேல் மனிதருக்குள்ள ஆசைக்காகவும் செய்யப்பட்ட தெரிவினால் வந்த வினை. இன்று அதே நெதர்லாந்தில், மூக்கு அளவுக்கு மீறிக் குட்டையாக உள்ள நாய்களை இனவிருத்தி செய்ய அனுமதியில்லை.

உடற்பயிற்சி போதாமல் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தவறான நேரத்தில் செய்த உடற்பயிற்சியால் வந்தது. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் உள்ள சிறிதளவு வியர்வை எதற்கும் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி, அதனால்தான் அதன் இரத்தம் குளிர்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் நாட்களில், மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமிழந்து சூடேறி நம் பக்கம் இறங்கும் அந்தக் காற்று, கிட்டத்தட்ட நாயின் உடல் அளவுக்கே சூடாக இருப்பதால், உடம்பின் சூடு வெளியே இறங்க இளைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. நீண்ட மூக்குள்ள நாய் அந்த ஒரு வழியால் தப்பிவிடும். பக் நாய்க்கு அந்த வழியும் பாதி அடைபட்டது. வேகமாக இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கி மீதியும் அடைபடுகிறது. இளைக்கும் வேலையே தசைகளுக்குப் பெரிய வேலையாகி, மேலும் சூட்டை உண்டாக்குகிறது. அன்று பின்னேரம் ஜிம்மிக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் காற்றே இல்லாமல் வாவியும் கடலும் சேர்ந்து நம்மைப் புழுக்கும் நாட்களும் ஆபத்தானவையே. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது நாக்கின் ஈரம் ஆவியாகாது. மாரி காலத்தை மட்டுமே நான் இந்த நாய்களுக்கு ஓரளவு நல்ல காலம் என்பேன்.

அப்படியானால் என்ன செய்வது? காலை ஆறரை மணிக்குள்ளும், இருட்டிய பின்னும் மட்டும், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள். வீதியிலோ மணலிலோ உங்கள் புறங்கையை வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியாவிட்டால், அதன் பாதத்துக்கும் அது பொறுக்காது. கழுத்துப்பட்டி வேண்டாம், நெஞ்சைச் சுற்றிப் போடும் மார்புப் பட்டியைப் பாவியுங்கள். குரல்வளையை இறுக்கும் எதுவும் இதற்குக் கேடு, கண்ணுக்கும் கேடு. குளிரூட்டி அவசியமா என்றால், இருந்தால் நல்லது, 26 பாகையில் வைத்தால் போதும். இல்லையென்றால் அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. சீமெந்துத் தரை உள்ள, காற்றோட்டமான, மேற்கு வெயில் படாத அறை, ஒன்றுக்கு இரண்டு இடங்களில் தண்ணீர், படுக்க ஈரமான கிணற்றடி நிழல் ஆகியன நமது வீடுகளில் இன்றும் கிடைப்பவை. மின்விசிறியின் காற்று உலர்ந்த உரோமத்தில் பட்டு அதிகம் உதவாது; வயிற்றையும் கால்களையும் தண்ணீரால் நனைத்துவிட்டு விசிறியின் கீழ் படுக்க வைத்தால் நன்றாக உதவும். குளிரூட்டியை நம்பி அறையைப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள். மின்சாரம் நின்றால் அந்த அறை கொஞ்ச நேரத்தில் சூளையாகிவிடும். உரோமத்தை மொட்டையடித்தால் குளிரும் என்று சிலர் செய்கிறார்கள். பக் நாய்க்கு அதனால் பயனில்லை, வெறும் தோல் வெயிலில் காய்வதுதான் மிச்சம்.

ஈரத் துவாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீங்கள் செய்ததைக் குறை கூற அல்ல. அந்த நேரத்தில் அன்புள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், ஒரு குடும்பத்தினர் தங்கள் பக் நாயை இதே போல் ஈரத் துவாயால் நன்றாகச் சுற்றி, ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பயணம் செய்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் துவாயை அவிழ்த்தபோது துணி சூடாக இருந்தது. உடல் வெப்பம் 42 பாகையைத் தாண்டியிருந்தது. என்னால் அந்த நாயைக் காப்பாற்ற முடியவில்லை. வழியில் இருந்த எத்தனையோ கிணறுகளில் ஏதாவது ஒன்றில் நிறுத்தி நாலு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் பிழைத்திருக்குமே என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. சுற்றிய துணி சில நிமிடங்களில் சூடேறி, உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமல் போர்வை போல மூடிவிடும். எனவே நாய் தள்ளாடினாலோ, எச்சில் பசை போலத் தடித்து வழிந்தாலோ, முரசு (பல் ஈறு) கடுஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினாலோ, முதலில் குளிர்த்துங்கள், பிறகு கொண்டு செல்லுங்கள். நிழலில் வைத்து, கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கழுத்திலிருந்து பின்பக்கமாகவும் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தொடர்ந்து ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. மயங்கிய நாயின் வாய்க்குள் தண்ணீரைப் புகட்டுவது நுரையீரலுக்குள் ஊற்றுவதற்குச் சமம். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். ஐஸ் கட்டிகளுக்குள் படுக்க வைக்க வேண்டாம். வீட்டில் வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பார்த்து, 39.5 பாகைக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் உடம்பு வேண்டாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். அதன் பின், எழுந்து நடந்தாலும், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

இப்போது எடை. ஜிம்மிக்காக உங்கள் கையால் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரிய வைத்தியம் வேறில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பக் நாய்க்கு ஏற்ற எடை 6.3 முதல் 8.1 கிலோ வரை. 11 கிலோ என்பது ஏறத்தாழ மூன்று கிலோ அதிகம். அறுபது கிலோ இருக்க வேண்டிய ஒருவர் எண்பது கிலோவுக்கு மேல் இருப்பதற்கு ஒப்பானது. அந்தக் கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை; கழுத்திலும் தொண்டையிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேர்ந்து, ஒடுங்கிய மூச்சுப் பாதையை வெளியிலிருந்தும் நெருக்குகிறது; உடம்பின் சூடு வெளியேறாமலும் தடுக்கிறது. எடை குறைந்ததும் குறட்டை தணிந்து, நடக்கத் தயங்கிய நாய் தானாக வாசலுக்கு ஓடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எட்டுக் கிலோ நாயாக அதை ஆக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கலோரி போதும். ஒரு கோப்பைச் சோற்றிலேயே சுமார் 200 கலோரி இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நமது வீடுகளில் நாய்க்கு யாரும் அளந்து போடுவதில்லை. காலையில் ரீயோடு இரண்டு மாரி பிஸ்கட், பத்து மணிக்குப் பாண் துண்டு, மத்தியானம் சொதியில் பிசைந்த சோறு, பின்னேரம் பேரப்பிள்ளை கொடுக்கும் வடை, இரவில் மீதித் தயிர் என்று, அது கேட்ட போதெல்லாம் கொடுக்கிறோம். பக் நாய் எப்போதும் கேட்கும். அதன் பார்வைக்கு மனம் இளகுவது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பார்வையின் பொருள் பசி அன்று, பழக்கம்.

உணவை நாளுக்கு இரண்டு வேளையாக்கி, ஒரே கோப்பையால் அளந்து கொடுங்கள். நல்ல நாய் உணவை வாங்கிக் கொடுக்க முடிந்தால், பையில் எழுதியிருக்கும் அளவைப் பார்க்கும்போது இப்போதைய எடைக்குரியதை விட்டு எட்டுக் கிலோவுக்குரியதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாடுதான் என்றால், முள் முழுவதும் நீக்கி அவித்த சூரையோ பாரையோ, அல்லது தோல் நீக்கிய கோழி இறைச்சியோ பாதி. அவித்த பூசணி, பயற்றங்காய், கரட் முதலியன கால் பங்கும் சற்று அதிகமும். மீதி சிறிதளவு சோறு. உப்பும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் எந்த அளவிலும் கூடாது. அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், நம்முடைய கறி எதுவும் அவையில்லாமல் ஆவதில்லை என்பதால் கறிச்சோறு என்பதே இதற்கு ஆகாது. திராட்சை, முந்திரிகைவற்றல், சொக்லேற் ஆகியவற்றையும் பிள்ளைகள் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளும் எலும்பும் இல்லாத வீட்டு உணவில் கல்சியம் குறையும். எதை எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் வைத்தியர் எடையைப் பார்த்துச் சொல்வார். பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நறுக்கிய வெள்ளரிக்காய்த் துண்டுகளை ஒரு சிறு டப்பாவில் போட்டு அவர்களின் கையில் கொடுத்துவிடுங்கள்.

வேகமாகக் குறைக்க வேண்டாம். வாரத்துக்கு 100 முதல் 150 கிராம் வரை குறைந்தால் போதும். அப்படியானால் ஐந்து தொடக்கம் ஏழு மாதம் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, நீங்கள் தனியாகவும் ஜிம்மியைத் தூக்கிக்கொண்டும் தராசில் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். சிறு மாற்றங்களை அந்தத் தராசு காட்டாவிட்டால், பழக்கமான கடைத் தராசில் ஒரு கூடையில் வைத்து நிறுக்கலாம். திகதியும் எடையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும் நிலைதான் சரியான நிலை.

கண்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லையாயினும் நான் எழுதாமல் விட முடியாது. மண்டையோடு குட்டையானதால் கண் இருக்கும் குழி ஆழமில்லை. பிதுங்கி நிற்கும் கண்ணை முன்னால் காக்க மூக்கும் இல்லை. ஆதலால் ஒரு தும்பு, கடற்கரை மணல், பூனையின் நகம் எதுவானாலும் முதலில் கண்ணில்தான் படும். ஒரு கண்ணைச் சுருக்கிப் பிடித்தாலோ, நீர் வடிந்தாலோ, கருவிழியின் மேல் நீலம் கலந்த வெண்மை தெரிந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அந்தப் புண் ஓரிரு நாளில் கண்ணைத் துளைத்துவிடும். வீட்டில் மீதமாயிருக்கும் மனிதருக்குரிய கண் சொட்டு மருந்தை விடுவது மிகவும் ஆபத்தானது. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் புண் இன்னும் ஆழமாகும். சண்டையிலோ, பிடரியை இறுக்கிப் பிடித்ததிலோ கண் வெளியே வந்துவிட்டால், அதை உள்ளே தள்ள முயலாமல், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் ஈரமாக மூடிக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள்.

மூக்கின் மேலுள்ள தோல் மடிப்பை நாளுக்கு ஒரு முறை ஈரப் பஞ்சால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துடைப்பதைவிட உலர்த்துவதே முக்கியம். அங்கே தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு; எண்ணெய் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும், மஞ்சள் கண்ணுக்குள் இறங்கி உறுத்தும். உண்ணிக்கு, நாய்க்கென்றே எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தை மட்டும் பாவியுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டி, நஞ்சேறிய நிலையில் கொண்டுவந்தவர்களை, மாடுகள் நிறைந்த படுவான்கரைப் பக்கத்தில் நான் பல தடவை பார்த்துவிட்டேன். விசர்நாய்த் தடுப்பூசியும், எலிக்காய்ச்சலையும் உள்ளடக்கிய தடுப்பூசியும் வருடந்தோறும் தவறக் கூடாது.

இணை சேர்ப்பது பற்றி. வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். உறவினரின் மனம் வருந்தும் என்று நீங்கள் தயங்குவது கடிதத்தில் தெரிகிறது. இதை நான் சொன்னதாகவே அவர்களிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறி விழுந்த நாயின் குட்டிகளுக்கு அதே தொண்டை போகும். தாய்க்கோ அதைவிட ஆபத்து: குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம், ஆகவே பல பிரசவங்கள் சத்திரசிகிச்சையில்தான் முடிகின்றன. நள்ளிரவில் கல்முனையில் அந்த நாய்க்குப் பிரசவம் தடைப்பட்டால், மயக்க மருந்தை எளிதில் தாங்காத இனம் ஒன்றுக்கு உடனடியாக வயிற்றைத் திறந்து குட்டியெடுக்க எங்கே ஓடுவது என்பதை அவர்கள் முதலில் யோசிக்கட்டும். குட்டி விற்று வரும் பணத்தை நம்பி நாய் வளர்ப்போர் நமது இரு மாவட்டங்களிலும் கூடிவருவது எனக்குக் கவலையளிக்கிறது. நான் பணிக்கு வந்த காலத்தில் பசுவும் எருமையும் ஆடும்தான் என் நோயாளிகள். எந்த நாயும் மூச்சு விடுவதற்காக என்னிடம் வந்ததில்லை. அடுத்து ஒரு நாய் வளர்க்க விரும்பும் எவருக்கும் நமது ஊர் நாய்க் குட்டியையே நான் சொல்வேன். நீண்ட மூக்கும் நமது வெயிலும் ஒன்றுக்கொன்று பழக்கமானவை.

கொழும்புப் பயணம் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. மூச்சு நிலை இன்னதென்று வைத்தியர் பார்த்து அனுமதித்த பின், அதுவும் இரவு எட்டு மணிக்குப் பின் புறப்பட்டு விடியுமுன் சேர்வதாக இருந்தால், குளிரூட்டி வேலை செய்யும் வானில் போகலாம். புறப்படுவதற்கு ஐந்தாறு மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரும் நனைக்க ஒரு போத்தலும் கையில் இருக்கட்டும். தேநீர் குடிக்க இறங்கும்போது வானைப் பூட்டி அதை உள்ளே விட்டுப்போக வேண்டாம், இரவானாலும்கூட. அமைதியாக இருக்கட்டும் என்று எவரிடமும் மயக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தொண்டைத் தசை தளர்ந்தால் பாதை மூடிக்கொள்ளும். ஆவணியைத் தள்ளி மார்கழியில் போக முடியுமானால், எடையும் ஓரளவு குறைந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். நான் அதையே விரும்புவேன்.

இறுதியாக, சத்திரசிகிச்சை. ஒடுங்கிய மூக்குத்துவாரத்தை அகலமாக்கவும், நீண்ட மென்னண்ணத்தைக் குறைக்கவும் முடியும். இளம் வயதில், குரல்வளை தளர்வதற்கு முன் செய்தால் பலன் அதிகம். ஜிம்மிக்கு இரண்டரை வயது, இன்னும் காலம் இருக்கிறது. எல்லா பக் நாய்க்கும் அது தேவைப்படாது. தேவையா என்று அறிய, 2019-இல் நாயினங்களைப் பதிவுசெய்யும் பிரித்தானிய கெனல் கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து அறிமுகப்படுத்திய ஒரு சோதனை முறை உண்டு: நாயின் மூச்சைக் கருவியால் கேட்டு, மூன்று நிமிடம் விரைவாக நடத்தி, மீண்டும் கேட்டு, பூச்சியம் (நோயில்லை) முதல் மூன்று (கடுமையான நோய்) வரை தரப்படுத்துவார்கள். இதை வைத்தியர்தான் செய்ய வேண்டும். விழுந்த வரலாறு உள்ள ஜிம்மியை நீங்களாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். சத்திரசிகிச்சைதான் என்று முடிவானால், இவ்வகை நாய்களில் அனுபவமுள்ள ஒருவரிடமே போக வேண்டும். உங்கள் வைத்தியர் மூலமாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையில் ஆலோசனை கேட்கலாம். மயக்கத்துக்கு முன் ஒட்சிசன் கொடுப்பீர்களா, முழுமையாக விழித்துத் தலையைத் தூக்கும் வரை தொண்டைக் குழாயை வைத்திருப்பீர்களா, அதன்பின் இரவு முழுவதும் யாராவது அருகில் இருப்பார்களா என்ற மூன்று கேள்விகளையும் கூச்சமின்றிக் கேளுங்கள். நல்ல வைத்தியர் எவரும் இதற்குக் கோபிக்க மாட்டார். விதை நீக்கம் செய்யும் எண்ணம் இருந்தால், அதற்கென்று தனியாக மயக்கம் கொடுக்காமல், இதே மயக்கத்தில் முடித்துவிட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வைத்தியரிடம் போகும் போது ஜிம்மி பயத்தில் இளைக்கும்; வீட்டில் அது எப்படி மூச்சு விடுகிறது என்பதை அவரால் அங்கே காண முடியாது. ஆகையால் இன்றிரவு அது உறங்கும்போது, தொலைபேசியில் இரண்டு நிமிடம் சத்தத்தோடு படம் பிடித்து, எண்ணிய மூச்சுக் கணக்கையும் கொப்பியில் எழுதி, இரண்டையும் அவரிடம் காட்டுங்கள். காலை ஏழு மணிக்கே அங்கு போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.